முதல் நாள் முதல் திட்டு

ராஜசேகரன்: கார் கண்ணாடிய எறக்குடா.

சரவணக்குமார்: வேணாம் நைனா. ஏசி ஓடுது.

ராஜசேகரன்: ஏசி போட்டு மூடிகினு குந்தியிருந்தா, எவனாச்சும் திட்னா உன் காதுல எப்டி வுழும்?

சரவணக்குமார்: எவனும் திட்ட மாட்டான். அதான் மூடி வச்சிருக்கேன்.

ராஜசேகரன்: தோ ஆரம்பிச்சிட்டான்! காத்தால கொரட்டூர்ல கெளம்பறப்பவே சொன்னேன். வெறும் வயித்தோட வராத, ரெண்டு இட்லி துன்னுட்டு வான்னு.

சரவணக்குமார்: அம்மா எனக்கு வச்ச இட்லியயும் நீ தான துன்ன.

ராஜசேகரன்: உனக்கு பதிலா துன்னேன். முதல் நாளு, தேட்டரு வாசல்ல பசியோட குந்தக்கூடாது.

சரவணக்குமார்: வாசல் எங்க? எதிர்ல கீறோம். பார்க்கிங்காரன் நம்ம வண்டிய பாத்து 'டாக்ஸி உள்ள வரக்கூடாது, அந்தாண்ட போடு'ன்னுட்டான்.

ராஜசேகரன்: உன்ன சரியா பாத்திருக்க மாட்டான்.

சரவணக்குமார்: நல்லா குனிஞ்சு பாத்தான் நைனா. அவன் தலைக்கு மேல பேனர்ல என் மூஞ்சி அம்மாம் பெருசா தொங்குது. அதுக்குக் கீழ நின்னுகினு என்ன 'டிரைவரண்ணே'ன்றான்.

ராஜசேகரன்: ...அதுவும் நல்லதுக்குத் தான்.

சரவணக்குமார்: எப்படி?

ராஜசேகரன்: பேனர்ல பாத்தா பயமா கீற. நேர்ல பாத்தா டிரைவர் மாதிரி கீற. நடிகன்னா அப்டித் தான் இருக்கணும்.

சரவணக்குமார்: சிரிக்காத.

ராஜசேகரன்: சிரிக்கல. இருமல்.

சரவணக்குமார்: ஆவடி வரைக்கும் இந்த இருமலோட நீ ஏன் வந்த? ஊட்ல இருந்திருக்கலாம்ல?

ராஜசேகரன்: எம்புள்ள முதல் வாட்டி வில்லனா நடிச்சிருக்கான். நான் வராம யாரு வருவா?

சரவணக்குமார்: அப்ப உள்ள போயி படத்த பாரு.

ராஜசேகரன்: அது மட்டும் முடியாது. என் படத்தயே நான் தேட்டர்ல பாத்ததில்ல. தோ அந்த டீக்கடை கீதுல்ல... அது அப்ப சோடாக்கடை. அங்க தான் நிப்பேன். படம் வுட்டு ஜனம் வெளிய வரும். ஒரு பொம்பள... ஒரே ஒரு பொம்பள என்ன பாத்து மண்ண வாரித் தூத்துனா போதும். நேரா ஊட்டுக்கு போயி, 'சுலோ, படம் ஹிட்டு'ன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டு குப்புற படுத்துடுவேன்.

சரவணக்குமார்: தெரியும். இந்தக் கதைய கேட்டுக் கேட்டு தான் வளந்தேன்.

ராஜசேகரன்: கதையா? தொழில்டா அது! ஹீரோவுக்கு மாலை. நமக்கு திட்டு. கைதட்டல காசு குடுத்து கூட வாங்கிடலாம். திட்டு அப்டி இல்ல, வயித்துலேருந்து வரணும்.

சரவணக்குமார்: ...ஆமா. வரணும்.

ராஜசேகரன்: இன்னாடா, கொரலு ஒரு மாதிரியா போவுது?

சரவணக்குமார்: ஒண்ணுமில்ல. உனக்கு அது தொழிலு. எனக்கு? ஸ்கூல்ல என் டிபன் பாக்ஸ ஒருத்தனும் தொட மாட்டான். இன்னாத்துக்கு? எங்க நைனா தங்கச்சிக்கு பால்ல வெஷம் வச்சவரு.

ராஜசேகரன்: பாயாசத்துல.

சரவணக்குமார்: ரொம்ப முக்கியம்! அம்மாவுக்கு அம்பத்தூர் மார்க்கெட்ல கத்திரிக்கா கூட குடுக்கல...

ராஜசேகரன்: 'அந்தப் படுபாவிக்கா வதக்கிப் போடப் போற'ன்னு அந்தக் கடக்காரம்மா கூடைய இழுத்துகிச்சு. உங்கம்மா ஊட்டுக்கு வந்து ஒரே அழுகை. எனக்கு அன்னிக்கு அவார்டு வாங்கின மாதிரி இருந்துச்சு.

சரவணக்குமார்: அதனால தான அம்மா என்ன வில்லனா நடிக்கவே வுடல.

ராஜசேகரன்: ஆமா. 'கொழந்தைக்காவது கத்திரிக்கா கெடைக்கட்டும்'னா. நானும் ஊர்ல கீற புரொடியூசருங்கள எல்லாம் புடிச்சு உன்ன ஹீரோவா போட வச்சேன்.

சரவணக்குமார்: நாலு படம்.

ராஜசேகரன்: வுடு.

சரவணக்குமார்: நாலு படத்துக்கும் வெளிய வந்த ஜனம் இன்னா சொல்லிச்சு?

ராஜசேகரன்: வுடுன்றேன்ல.

சரவணக்குமார்: ஒரே வார்த்தை. 'பாவம்.' 'பாவம், நல்ல பையன்.' 'பாவம், கஷ்டப்பட்டு தான் ஆடுறான்.' 'பாவம், அவங்கப்பாவுக்காக ஒரு தபா பாக்கலாம்.' யூட்யூப்ல ஒருத்தன் என் படத்த கிழிக்கலாம்னு ஒக்காந்து, பாதியில அவனுக்கே கண்ணு கலங்கிடுச்சு நைனா. எனக்காக!

ராஜசேகரன்: அவன் நல்லவன்டா.

சரவணக்குமார்: எல்லாரும் நல்லவங்க. அதான் என் பிரச்சன.

ராஜசேகரன்: இன்னிக்கு பாரு, ஒரே திட்டு தான். மழ மாதிரி.

சரவணக்குமார்: வுழலன்னா?

ராஜசேகரன்: வுழும்.

சரவணக்குமார்: வுழலன்னா நடிப்புக்கு ஒரு கும்புடு. அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். திங்கக்கெழம விக்ரம் ஆபீசுக்கு போறேன்.

ராஜசேகரன்: எந்த விக்ரமு? உங்கூட படிச்சானே, குண்டா?

சரவணக்குமார்: அவன் தான். அம்பத்தூர் எஸ்டேட்ல கம்பெனி வச்சிருக்கான். போன்ல கஸ்டமருங்க கத்தினா சிரிச்சுகினே எப்டி பதில் சொல்றதுன்னு ஆளுங்களுக்கு கத்துக் குடுக்கணும்.

ராஜசேகரன்: சிரிச்சுகினே பேசறதா? அது உனக்கு நல்லாவே வரும்...

சரவணக்குமார்: பாத்தியா? நீயே சொல்லிட்ட.

ராஜசேகரன்: ஐய, நான் இன்னா சொன்னேன்! இரு. உங்கம்மா இன்னா சொன்னா, அந்த வேலைக்கு?

சரவணக்குமார்: ஒண்ணுமே சொல்லல. நேத்து சாம்பார்ல உப்பு போட மறந்துட்டா.

ராஜசேகரன்: அதானா! நான் கூட எனக்கு பிரஷர்னு தான் போடலன்னு நெனச்சேன்.

சரவணக்குமார்: ...யாருக்கு நைனா சும்மா சும்மா போன் அடிச்சுகினே கீற?

ராஜசேகரன்: உங்கம்மாவுக்கு.

சரவணக்குமார்: அம்மா போன ரிப்பேருக்கு குடுத்திருக்கோம்.

ராஜசேகரன்: அதான் எடுக்க மாட்டேன்றா. நீ யாருக்குடா மெசேஜ் தட்டிகினே கீற?

சரவணக்குமார்: மணி பாத்தேன்.

ராஜசேகரன்: கையில வாட்ச்சு கட்டிகினா?

சரவணக்குமார்: ...அது நின்னுபோச்சு.

ராஜசேகரன்: சரி, வண்டிய கொஞ்சம் முன்னால, டீக்கடையாண்ட வுடு. அங்க தான் வரும்.

சரவணக்குமார்: யாரு வரும்?

ராஜசேகரன்: ஜனம்! ஜனம் வரும்னேன். ஆமா, நானும் கேக்கணும் கேக்கணும்னு கீறேன். படத்துல இன்னா தாண்டா பண்ண? கொலையா?

சரவணக்குமார்: சொல்ல மாட்டேன்.

ராஜசேகரன்: கத்தி எடுத்தியா?

சரவணக்குமார்: இல்ல.

ராஜசேகரன்: கத்திப் பேசினியாவது?

சரவணக்குமார்: இல்ல.

ராஜசேகரன்: மீசை?

சரவணக்குமார்: மழிச்சுட்டாங்க.

ராஜசேகரன்: கத்தி இல்ல, கத்தல் இல்ல, மீசையும் இல்ல... அப்பால எப்டிடா நீ வில்லன்?

சரவணக்குமார்: டைரக்டர் சிரிக்க மட்டும் சொன்னான்.

ராஜசேகரன்: சிரிப்புன்னா... என் மாதிரி அண்ணாந்துகினு, சுவரெல்லாம் அதிர்ற மாதிரி?

சரவணக்குமார்: இல்ல நைனா. சும்மா... பக்கத்து ஊட்டுப் பையன் மாதிரி.

ராஜசேகரன்: போச்சு. பாவம்னு தான் சொல்லப் போறாங்க.

சரவணக்குமார்: நைனா!

ராஜசேகரன்: வாய் தவறிடுச்சுடா. நான் சொன்னது கணக்குல வராது, நான் பெத்தவன்.

சரவணக்குமார்: வுட்டாச்சு. படம் வுட்டாச்சு நைனா. கதவ தொறக்கறாங்க.

ராஜசேகரன்: டேய், இன்னாத்துக்கு சீட்டுக்குக் கீழ போற? நிமிந்து குந்து. மூஞ்சி தெரியணும். கண்ணாடிய எறக்கு.

சரவணக்குமார்: எறக்கிட்டேன்.

ராஜசேகரன்: அந்த ரெண்டு பசங்க இன்னா பேசிகினு போறானுங்க? எனக்கு காது சரியா கேக்கல.

சரவணக்குமார்: 'கேமரா சூப்பரு மாமே'ன்றான்.

ராஜசேகரன்: கேமராவா? அப்பால?

சரவணக்குமார்: 'பைக் டோக்கன எங்கடா வச்ச'ன்றான்.

ராஜசேகரன்: அறிவுகெட்டவனுங்க. அந்தப் பொண்ணு? கழுத்துல கார்டு மாட்டிகினு போவுதே?

சரவணக்குமார்: 'வரும்போது மாவு வாங்கினு வரேன்'னு போன்ல சொல்லிகினு போவுது.

ராஜசேகரன்: பசங்க, பொண்ணுங்கள வுடு. அவங்களுக்கு திட்டவே தெரியாது. மெசேஜ்ல பொம்ம போடுவாங்க. பெரியவங்க வரட்டும்... தோ, அந்த தூணாண்ட ஒரு அம்மா நிக்குது பாரு.

சரவணக்குமார்: கண்ண தொடச்சுகினு கீது... நம்ம பக்கம் தான் பாக்குது.

ராஜசேகரன்: வருதா?

சரவணக்குமார்: வருது.

ராஜசேகரன்: வரட்டும், வரட்டும்... நீ இன்னாத்துக்குடா இப்ப தலய வாரற?

சரவணக்குமார்: நீ இன்னாத்துக்கு சட்டக் காலர தூக்கி வுட்டுக்கற?

ராஜசேகரன்: வேர்க்குது.

சரவணக்குமார்: ஏசி ஓடுது நைனா.

அந்த அம்மா: தம்பி... கொரட்டூருக்கு புக் பண்ண வண்டி இதானா? நம்பரு கூட தெரியல எனக்கு. அழுது அழுது கண்ணே மங்கிப் போயி கீது...

சரவணக்குமார்: இல்லம்மா, இது வந்து...

அந்த அம்மா: அடப்பாவி.

சரவணக்குமார்: இன்னாம்மா?

அந்த அம்மா: நீ தான? நீயே தான!

ராஜசேகரன்: கண்ணாடிய முழுசா எறக்குடா.

அந்த அம்மா: நீ வெளங்குவியா? பெத்தவகிட்ட ஊட்ட எழுதி வாங்கிகினு, கூட்டிகினு போயி கோயில்ல குந்த வச்சு, தயிர்சாதப் பொட்டலத்த கையில குடுத்து, 'இரும்மா, பிரசாதம் வாங்கினு வந்துடறேன்'னு சிரிச்சுகினே போனியே! அந்தக் கெய்வி பொட்டலத்த பிரிக்காம நாள் பூரா குந்தினு கீது. கோயில் நட சாத்தற ஆளு வந்து, 'துன்னும்மா'ன்றான். 'எம்புள்ள வந்துடுவான், ரெண்டு பேருமா துன்றோம்'னு சொல்லுது... உனக்கு நெஞ்சுல இன்னா கீது? கல்லா?

ராஜசேகரன்: இதையாடா பண்ண?

சரவணக்குமார்: ம்.

ராஜசேகரன்: அடப்பாவி...

அந்த அம்மா: நீ யாரு நடுவுல? ...ஐயோ. நீயா! பாயாசத்துல வெஷம் வச்சவன் தான?

ராஜசேகரன்: ஆமாம்மா.

அந்த அம்மா: இது உம்புள்ளயா?

ராஜசேகரன்: நான் பெத்த புள்ள தாம்மா.

அந்த அம்மா: அதான பாத்தேன்! ஆனா உன்னயாச்சும் பாத்தா தெரியும்யா. மீசய முறுக்கிகினு, கண்ண உருட்டிகினு வருவ. தோ வந்துட்டான் கேடின்னு நாங்களும் உஷாராயிடுவோம். இவன பாத்தா தெரியலியே! ஊட்டுக்குள்ள கூப்ட்டு குந்த வச்சு காப்பி குடுத்திருப்பேனே!

ராஜசேகரன்: இன்னொரு தபா சொல்லும்மா.

அந்த அம்மா: எதுக்கு, என்ன நக்கல் பண்றியா? எங்க ஊட்லயும் ஒருத்தன் கீறான், இதே மாதிரி. இதே சிரிப்பு. அவன கேக்க எனக்கு வாய் வரல... அதெல்லாம் உனக்கு இன்னாத்துக்கு!

சரவணக்குமார்: அம்மா... அழாதீங்க. அது படம் தாம்மா...

ராஜசேகரன்: சும்மாரு! படம்னு சொல்லாத!

அந்த அம்மா: படம்னு எனக்கு தெரியாதா? நான் இன்னா லூசா? தெரிஞ்சு தான் திட்றேன்!

சரவணக்குமார்: கொஞ்சம் தண்ணியாவது குடிங்க.

அந்த அம்மா: உன் கையாலயா? தொண்ட வறண்டு செத்தாலும் வேணாம். நாசமாப் போவ! உன் கையி வெளங்காமப் போவ! இந்தா... இதயும் நீயே வச்சுக்க!

சரவணக்குமார்: ஐயோ, கண்ணு!

ராஜசேகரன்: இன்னாடா அடிச்சா?

சரவணக்குமார்: பாப்கார்ன். மொத்த டப்பாவும். சட்டைக்குள்ளலாம் போயிடுச்சு.

ராஜசேகரன்: மண்ணுக்குத் தாண்டா குனிஞ்சா, நான் பாத்தேன். ஆவடில இப்ப மண்ணு எங்க கீது? எல்லாம் கல்லு பதிச்சுட்டானுங்க. அதான் கையில கீறத அடிச்சுட்டா. ஒண்ணு கூட கீழ கொட்டாத, உங்கம்மாவுக்கு காட்டணும்.

சரவணக்குமார்: பின்னால வர வண்டில ஏறிடுச்சு பாவம், அந்தம்மா.

ராஜசேகரன்: பிரமாதமா பண்ணிச்சு இல்ல?

சரவணக்குமார்: பண்ணிச்சா?

ராஜசேகரன்: திட்டிச்சு! திட்டிச்சுன்னேன்.

சரவணக்குமார்: ம். கொஞ்சம்... ஜாஸ்தி தான்.

ராஜசேகரன்: இன்னா ஜாஸ்தி?

சரவணக்குமார்: இல்ல, கண்ணீர்லாம் வரும்னு நான் எதிர்பாக்கல.

ராஜசேகரன்: நானும் எதிர்பாக்கல. அந்த 'எங்க ஊட்லயும் ஒருத்தன்'னு சொன்னா பாரு... எனக்கு இங்க புடிச்சு இழுத்துச்சுடா. இன்னும் வலிக்குது.

சரவணக்குமார்: எனக்கும் தான்.

ராஜசேகரன்: என்ன பாத்து பயந்திருக்காங்க. காறித் துப்பியிருக்காங்க. ஆனா ஒருத்தி கூட எனக்காக அழுதுகினே திட்டல. காப்பி குடுத்திருப்பேனேன்னு சொல்லல. நீ என்ன தாண்டிட்ட சரவணா.

சரவணக்குமார்: உனக்கு சந்தோஷமா நைனா?

ராஜசேகரன்: இன்னாடா கேள்வி இது? பாரு, கண்ணுல தண்ணி.

சரவணக்குமார்: அப்ப சரி. அது போதும் எனக்கு.

ராஜசேகரன்: எனக்கு போதாது. மொதல்ல அந்த குண்டு விக்ரமுக்கு போன போட்டு, வரலன்னு சொல்லு.

சரவணக்குமார்: இல்ல நைனா. திங்கக்கெழம போறேன்.

ராஜசேகரன்: டேய்! அதான் திட்டிட்டாளே!

சரவணக்குமார்: திட்டினாங்க. உனக்கு புடிச்ச மாதிரியே திட்டினாங்க. நீ ஊட்டுக்கு போயி அம்மாகிட்ட ஹிட்டுன்னு சொல்லு. ஆனா நான்... என்னால அத எடுத்துக்க முடியாது.

ராஜசேகரன்: ஏன் முடியாது? உன் மூஞ்சிய பாத்து தான திட்டினா?

சரவணக்குமார்: கேக்காத நைனா. சொன்னா நீ ஒடஞ்சு போயிடுவ.

ராஜசேகரன்: ...நான் ஒண்ணு சொன்னா, நீ ஒடஞ்சு போயிடுவ.

சரவணக்குமார்: இன்னா?

ராஜசேகரன்: ஒண்ணுமில்ல. வண்டிய எடு.

சரவணக்குமார்: இன்னான்னு சொல்லு.

ராஜசேகரன்: நீ மொதல்ல சொல்லு.

சரவணக்குமார்: ...இரு, போன் வருது.

ராஜசேகரன்: யாரு? வண்டித் திரையில பேரு வருதே... கன்னியப்பனா?

சரவணக்குமார்: தெரியல. வேற யாராச்சும் கன்னியப்பனா இருக்கும்.

ராஜசேகரன்: ஷூட்டிங்குக்கு கூட்டம் ஏத்தி அனுப்பறானே, நசரத்பேட்டைல, அந்தக் கன்னியப்பன்டா. அவன் இன்னாத்துக்கு உனக்கு போன் பண்றான்?

சரவணக்குமார்: எனக்கு எப்டி தெரியும்? எடுக்க வேணாம்.

ராஜசேகரன்: எடுக்கவே எடுக்காத!

சரவணக்குமார்: நீ ஏன் இம்மாம் பதர்ற?

ராஜசேகரன்: அவன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். கட் பண்ணு.

சரவணக்குமார்: கட் பண்ணத் தான் அமுக்கறேன்... கையெல்லாம் பாப்கார்ன் வெண்ணெ, வழுக்குது... ஐயோ, பச்சைய அமுக்கிட்டேன்.

கன்னியப்பன்: தம்பி சரவணா! கோச்சிக்காதப்பா. காத்தாலேருந்து நீ எத்தினி மெசேஜு போட்டுட்ட, நான் இப்ப தான் பாக்கறேன்...

சரவணக்குமார்: அண்ணே, அப்பறம் பேசறேன். வண்டில நைனா கீறாரு, எல்லாம் வெளிய கேக்குது...

கன்னியப்பன்: அண்ணாத்தேயும் கீதா? நல்லதா போச்சு, ஒண்ணா சொல்லிடறேன். அண்ணாத்தே, நீயும் கோச்சிக்காத. 'எம்புள்ள நடிப்ப வுட்டுடக் கூடாது, நல்லா வாயாடற பொம்பள ஒண்ணு அனுப்பி திட்ட வுடு'ன்னு நீ கேட்ட. 'எங்க நைனா ஒரு தபாவாச்சும் சந்தோஷமா ஊட்டுக்கு போவட்டும், ஒரு பொம்பளய அனுப்பு'ன்னு தம்பி கேட்டுது. சரி, வேல ஒண்ணு தானேன்னு ரெண்டு பொம்பளைங்களையும் ஒரே வேன்ல ஏத்தினேன். வேனு சென்னீர்குப்பத்துல படுத்துடுச்சு.

சரவணக்குமார்: நைனா... நீயுமா?

ராஜசேகரன்: நீ சும்மாரு. கன்னியப்பா... அப்ப இங்க வந்து அழுதுகினே திட்டிட்டு போனது யாருடா?

கன்னியப்பன்: எனக்கு எப்டி அண்ணாத்தே தெரியும்? என் ஆளுங்க ரெண்டும் காத்தாலேருந்து இங்க வெயில்ல நின்னுகினு என்னையில்ல திட்டிகினு கீதுங்க!